கம்பளியில் சுற்றி வந்த படம்

“ஊதாதடா! ஈரம் பிடிச்சா மொத்தமும் போச்சு!”

அம்மா, தன் தம்பியின் கையிலிருந்து, படம் இருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினாள். அது கல்லாய் விறைத்து, மேலே வெள்ளையாய்ப் பனி பூத்துக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில், எண்பது பேர் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். படம் தொடங்க இன்னும் ஆறு நிமிடம்.

காரியத்தைச் செய்த மகள் கதவோரம் பல்லியாய் ஒட்டிக்கொண்டு நின்றாள். பதினைந்து வயது.

போன வாரம் வந்த டிஸ்க் பார்சலை யாரோ கம்பளியில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பிரித்துப் பார்த்திருக்கும். அம்மாவோ இங்கே பழந்துணிகளைப் பராமரிப்பவள். வெளியிலிருந்து வரும் கம்பளி எதுவானாலும் ஒரு வாரம் ஃப்ரீஸரில் கிடந்து, பூச்சி செத்த பிறகுதான் உள்ளே வரலாம். வீட்டில் வாங்கும் ஸ்வெட்டருக்கும் அதே சட்டம்தான். மகளும் பிரிக்காமலே தேதி எழுதி ஒட்டி உள்ளே தள்ளிவிட்டாள்.

“கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு,” என்றார் புரொஜெக்டர் ஓட்ட வந்திருந்த மாமா. “டிஸ்க்குக்குள்ள பூச்சி ஏதும் இருந்தா அதுவும் செத்திருக்கும்க்கா.”

“வாய மூடு. நாளைக்குக் காலைல வரைக்கும் இதத் தொடவே கூடாது.” அம்மா டிஸ்க்கை மேசையில் வைத்தாள். விடுமுறையில் பிள்ளைகளுக்குப் படம் காட்டலாம் என்று மூன்று குளிர்காலமாகக் கேட்டுக் கேட்டு வாங்கிய அனுமதி. ‘ஒருநாள் சொதப்பினாலும் கூடத்தப் பூட்டிடுவேன்’ என்று அருங்காட்சியகக் காப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார். அவரும் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

“மாடிக் காட்சியறையில ஓடுற பழைய படம் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?”

யார் பேசியது என்று எல்லோரையும் போல அவளும் திரும்பிப் பார்த்தாள். பேசியது அவளேதான்.

“அதுல சத்தமே கிடையாதேடி,” என்றார் மாமா. “நாலு பேரு ஒரு அலமாரியத் தூக்கிட்டுப் படியேறுறாங்க. பின்னாடி ஒரு நாய். ஒம்பது நிமிஷம்.”

“நான் பேசறேன் மாமா.”

விளக்கு அணைந்தது. மைக்கோடு அவள் திரையோரம் போய் நின்றாள். திரையில் நால்வரும் அலமாரியைத் தூக்க, அவளோ எந்தக் குரலில் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தாள். காப்பாளர் செருமினார். அதற்குள் திரையில் பின்னால் வந்த ஆளின் தொப்பி விழுந்தது.

“யோவ், என் தொப்பி!” என்றாள், கட்டைக் குரலில்.

ஒரு குழந்தை கெக்கலித்தது. அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. அவள் கதையில் நால்வரும் வீடு மாற்றினார்கள். முன்னால் போகிறவன் மாமியார் வீட்டு மாப்பிள்ளையானான், சுமக்காமலே முக்கினான். “நீ தூக்குறியா, இல்ல தொங்குறியா?” என்று மற்றவன் கேட்டான். அலமாரி வழுக்கியபோது கூடமே “ஐயோ!” என்றது. வாசலுக்குள் அது நுழைந்ததும் கைத்தட்டலில் கண்ணாடிப் பேழைகள் அதிர்ந்தன.

“இன்னொரு தடவ!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

மாமா மறுபடி ஓட்டினார். இந்த முறை அவள் நாயாகவே பேசினாள். அது தன் வீட்டு அலமாரி, நாலு திருடர்கள் தூக்கிப்போகிறார்கள் என்று நாய் படிக்குப் படி புலம்பியது. காப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த கண்ணீர்தான்.

“நாளைக்கும் இருக்கா?” என்று வாசலில் ஒரு தகப்பன் கேட்டபோது, காப்பாளரே முந்திக்கொண்டார். “விடுமுறை முடியிற வரைக்கும் தினமும் உண்டு. இந்தப் பொண்ணும் உண்டு.”

அம்மா மகளின் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை.

முன்பல் இல்லாத ஒரு சிறுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் சட்டையை இழுத்தாள்.

“அக்கா, அவங்க அலமாரிய வீடு மாத்துனாங்களா, திருடுனாங்களா? நெஜமா என்ன நடந்துச்சு?”