கருப்பையாவின் தலைவரி

கருப்பையா என்ற ஆள் கவுன்சிலுக்குத் தரவேண்டியிருந்தது நானூற்று எண்பத்தேழு பவுண் அறுபத்திரண்டு பென்ஸ். வீட்டுக்கு இல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட தலைவரி இரண்டு வருடத்துக்கும், வழக்குச் செலவும் சேர்ந்த தொகை. கருப்பையா என் அப்பா. இலங்கையில் புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுபத்தோராம் ஆண்டு செத்துப்போனவர். கொழும்பைக்கூட இரண்டு தரம்தான் பார்த்திருப்பார். அவரை நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நான் குடியிருந்த வீட்டுக்குக் கடிதம் வந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்ச் மாதம்.

என்னோடு ஒரே அறையில் இருந்த யோகலிங்கம் அதை வாங்கி வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"கொப்பர் வந்து நிக்கிறார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே முருகேசு. எங்கை படுக்கிறார்? கட்டிலுக்குக் கீழையோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிழை எங்கே நடந்தது என்று அன்று இரவே எனக்கு விளங்கிவிட்டது. எண்பத்தொன்பதில் வாக்காளர் படிவம் வந்தபோது எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. யோகலிங்கம்தான் நிரப்பினான். நம் வழக்கப்படி அப்பா பெயரை முன்னுக்கும் என் பெயரைப் பின்னுக்கும் போட்டு, கருப்பையா முருகேசன் என்று எழுதினான். அடுத்த வருடம் தலைவரிப் படிவத்தை நான் வேலை செய்யும் சலவை ஆலைக்குக் கொண்டுபோனேன். அலுவலகத்துப் பெண் பெயர் கேட்டாள், முருகேசன் என்றேன். மற்றப் பெயர் கேட்டாள், கருப்பையா என்றேன். இந்த நாட்டில் முன்னுக்கு நிற்பதுதான் ஆளின் பெயர். கவுன்சில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. முருகேசன் என்ற ஒருவன் ஒழுங்காக வரி கட்டுகிறான், கருப்பையா என்ற ஒருவன் வோட்டை வைத்துக்கொண்டு வரி கட்டாமல் ஒளிந்திருக்கிறான். பிறகு நான் எழுத்துப் படித்தேன், அடுத்த வாக்காளர் படிவங்களை நானே நிரப்பினேன். ஆனால் யோகலிங்கம் எழுதியிருந்ததைப் பார்த்துத்தானே எழுதினேன்.

அந்த வீட்டில் பதினொரு பேர் இருந்தோம். இலங்கை கொமன்வெல்த் நாடு என்பதால் விசாவில் இருக்கிற எங்களுக்கும் இங்கே வோட்டு உண்டு; ஆனால் வாக்காளர் பட்டியலில் இருந்தவன் நான் ஒருவன்தான். பெயர் கொடுத்தால் வரி வரும் என்று மற்றவர்கள் கொடுக்கவில்லை. வரியோடு வோட்டும் போயிற்று. எங்கள் தெருவில் கறுப்பர் வீடு, வெள்ளையர் வீடு என்று பார்க்காமல் அப்படித்தான் பெயர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜா வாடகை எடுக்க மோர்டனிலிருந்து வந்தார். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. குசினியில் நின்றபடி கடிதத்தைப் பார்த்தார்.

"கொப்பருக்கும் சேர்த்து வாடகை எடுக்க வேணும் போலை கிடக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"இஞ்சை பாரும் முருகேசு. கோட்டுக்குப் போனால் முதல் கேள்வி, வீட்டிலை எத்தினை பேர் எண்டுதான். நீர் என்ன சொல்லுவீர்?"

கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டுத் தொடர்ந்தார்.

"மற்றப் பத்துப் பேரின்ரை தலையிலும் வரி விழும். என்ரை தலையிலை வேறை விழும். உம்மடை விசா வருசா வருசம் புதுப்பிக்கிற விசா. கோட்டிலை பேர் அடிபட்டால் அவங்கள் சும்மா இருப்பாங்களோ? வோட்டர் லிஸ்டிலை இருந்து பேரை வெட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதும். லிஸ்டிலை இல்லாட்டி கருப்பையா எண்ட ஆளே இல்லை. கடனும் இல்லை. செலவு ஏதும் வந்தால் நான் தாறன்."

"அண்ணே, அடுத்த மாசம் தேர்தல் வருதுங்களே."

"வந்தால்? நீர் வோட்டுப் போடாட்டி பாராளுமன்றம் இடிஞ்சு விழுந்திடுமோ?"

"இன்னும் ஒரு தடவை கூடப் போட்டதில்லைங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தோட்டத்து ஆக்களுக்கு அதிலை என்ன அப்பிடி ஒரு ஆசை?"

நாற்பத்தெட்டாம் ஆண்டுச் சட்டத்தில் எங்கள் ஆட்களின் பிரசாவுரிமையும், அடுத்து வோட்டும் போனது ஊரறிந்த கதை. தேர்தல் வந்தால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் வோட்டுப்போடும் இடம். மேசை, வாங்கு எல்லாவற்றையும் கீழ் ரோட்டிலிருந்து மேலே தலையில் சுமந்து போகிறவர்களில் அப்பாவும் ஒருவர். இறக்கி வைத்ததும் கங்காணி வெளியே போகச் சொல்லுவார். அப்பா கொய்யா மரத்தடியில் குந்தியிருந்து, வோட்டு இருக்கிற கீழ் ஊர்க்காரர்கள் போட்டு முடித்தபிறகு திரும்பவும் மேசையைச் சுமப்பார். எனக்குப் பிரசாவுரிமைப் பத்திரம், தோட்டத்தை விட்டுப் போய்க் குடியிருந்த கிளிநொச்சியில் கைக்கு வந்தது எண்பத்துமூன்று யூன் மாதம். அடுத்த மாதம் கலவரம். இங்கே தொண்ணூறில் கவுன்சில் தேர்தல் வந்தபோது வோட்டு அட்டையை மற்றக் கடிதங்களோடு ஸ்ரீஸ்கந்தராஜா எடுத்துப் போய்விட்டார். அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று அவர் சொன்னதை நம்பி வீட்டிலேயே இருந்தேன்.

"வெள்ளிக்கிழமைக்கிடையிலை கடிதம் எழுதாட்டி அறையை விடவேண்டி வரும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

வியாழக்கிழமைகளில் பின்னேரம் நூலகத்து வாசலில் ஒரு மடக்கு மேசை போட்டு, தலைவரிக் கடிதம் வந்தவர்களுக்கு உதவி செய்கிற கூட்டம் ஒன்று இருந்தது. பென்ஷன் எடுத்த வெள்ளைக்காரர் இருவர், ஜமேக்காக்காரி ஒருத்தி, மன்னார்ப் பக்கத்து டொலறஸ் அக்கா. அக்கா பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவர். குட்டையான ஆள், பெரிய குரல். என் கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் தட்டினார்.

"அட்டை இல்லாட்டி வோட்டில்லை எண்டு எந்த மடையன் சொன்னவன்? பேரையும் விலாசத்தையும் சொன்னால் காணும். ஒக்டோபரிலை பேர் பதிஞ்சால் அடுத்த வருசம் முழுக்க வோட்டு இருக்கு. நடுவிலை வீட்டை விட்டு கலைச்சாலும் வோட்டைக் கலைக்க ஏலாது."

"கோர்ட்டுல வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டா, அக்கா?"

"நீ உனக்கு மட்டும்தான் பதில் சொல்லவேணும். மற்றவைக்குச் சொல்ல நீ ஆர்? வாற புதன் இருநூறு பேரைக் கூப்பிட்டிருக்கிறாங்கள். எல்லாரையும் ஒரு கையெழுத்திலை முடிக்கப் பாப்பாங்கள். நாங்கள் ஒவ்வொருத்தராய்த்தான் விசாரிக்க வேணும் எண்டு நிப்பம். ஒருத்தரும் வீட்டை போறேல்லை. விளங்குதோ?"

வெள்ளிக்கிழமை வந்தது. நான் கடிதம் எழுதவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜாவும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சலவை ஆலையில் கொதிக்கிற உருளைக்குள் படுக்கை விரிப்பைக் கொடுக்கும்போது கை இரண்டு தரம் சுட்டது.

புதன்கிழமை நீதிமன்றத்து நடையில் நிற்க இடமில்லை. குழந்தை வண்டிகள், கிழவர்கள், வேலை உடுப்போடு வந்தவர்கள். வாசலில் நான்கு பொலிஸ்காரர். டொலறஸ் அக்கா ஒவ்வொருவரிடமும் போய், "டோண்ட் கோ ஹோம், லவ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள் கோட்டும் ரையுமாக ஸ்ரீஸ்கந்தராஜா நின்றதை அப்போதுதான் கண்டேன். அவருக்குப் பக்கத்தில் கையில் கோப்போடு கவுன்சில் ஆள் ஒருவன். இளம் பையன், நல்ல முகம்.

அவன் என்னை ஓரமாகக் கூட்டிப்போனான். "இதை இப்போதே முடித்துவிடலாம், நீங்கள் உள்ளே போகவே தேவையில்லை" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினான். கருப்பையா என்று ஒருவரும் இந்த விலாசத்தில் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தால் நானூற்று எண்பத்தேழு பவுணும் இல்லை.

"வையும்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "உண்மைதானே? கொப்பர் இஞ்சை இல்லைத்தானே?"

பேனையை வாங்கிவிட்டேன். ஆனால் வாசிக்கப் பழகியதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம், எந்தத் தாளையும் கடைசி எழுத்துவரை விரல் வைத்துப் பார்ப்பது. பையன் மணிக்கூட்டைப் பார்த்தான். ஸ்ரீஸ்கந்தராஜா பல்லைக் கடித்தார். நான் ஒவ்வொரு சொல்லாகப் போனேன். அடியில் சின்ன எழுத்தில், இதன் பிரதி வாக்காளர் பதிவு அலுவலகத்துக்குப் போகும், அந்தப் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று இருந்தது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். "இந்தப் பெயரை வெட்டினால், நான் எந்தப் பெயரில் வோட்டுப் போடுவது?"

பையன் தாளைத் திரும்பப் பார்த்தான். "அடுத்த வருடம் திரும்பப் பதியலாம்" என்றான்.

"தேர்தல் அடுத்த வருடமா?"

பேனையைத் திருப்பிக் கொடுத்தேன். ஸ்ரீஸ்கந்தராஜா தமிழில் மெதுவாகச் சொன்னார்: "இண்டைக்குப் பின்னேரம் உன்ரை சாமான் றோட்டிலை கிடக்கும்." அதுவரை நீர் என்றவர் நீ என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குள் பதினேழு பேரின் வழக்குத்தான் முடிந்திருந்தது. மேடையில் நீதவானாகக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார். டொலறஸ் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார, எழுதுகிற அதிகாரி எழும்பி அவரை வெளியே போகச் சொன்னார். அக்கா அசையவில்லை. பின்னால் இருந்த அத்தனை பேரும் எழும்பி நின்றார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. பொலிஸ்காரர் ஒருவர் கதவடியிலிருந்து இரண்டு அடி முன்னே வந்தார். கடைசியில் அந்த அம்மாள், அவர் இருக்கலாம், காதில் சொல்லலாம், உரத்துப் பேசக்கூடாது என்றார். அக்காவுக்கு அது பெரிய தண்டனை.

என் கடவுச்சீட்டையும் சம்பளத் துண்டையும் கொடுத்தேன். கடவுச்சீட்டில் கருப்பையா முருகேசன். சம்பளத் துண்டில் முருகேசன் கருப்பையா. கவுன்சில் வழக்கறிஞர் இரண்டையும் தூக்கிக் காட்டினார்.

"இரண்டு பேர் இருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?" என்றார்.

நானே கொண்டுபோய்க் கொடுத்த சாட்சி.

"அந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள்?" என்று கேட்டார் அம்மாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஸ்ரீஸ்கந்தராஜா இருக்கிறார் என்று தெரியும். வேலைக்குப் போகாமல் எனக்காக வந்திருந்த யோகலிங்கமும் அங்கேதான் இருந்தான். அக்கா என் கையைக் கிள்ளினார்.

"எனக்கு மட்டும்தான் நான் பதில் சொல்லலாம் அம்மா. நான் ஒரு ஆள். ஒரு வரி கட்டுகிறேன்."

"கருப்பையா யார்?"

"என் அப்பா. நாங்கள் அப்பாவின் பெயரை முன்னே வைப்போம்."

"அவர் இப்போது எங்கே?"

"செத்துப்போய் இருபத்தொரு வருடம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மாள் சிரிக்கவில்லை. கடவுச்சீட்டின் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சம்பளத் துண்டில் இருந்த, ஆளுக்கு ஒன்றே ஒன்றான தேசியக் காப்புறுதி எண்ணைச் சரிபார்த்து வரும்படி கவுன்சிலுக்குச் சொன்னார். மூன்று கிழமைத் தவணை. அதுவரை இரண்டு பட்டியலிலும் எதுவும் மாற்றக்கூடாது என்றும் சொன்னார்.

"மூண்டு கிழமை" என்று அக்கா நடையில் விரல்விட்டு எண்ணினார். "தேர்தல் அதுக்கு முன்னம் வருகுது. நல்லது."

சொன்னபடியே என் பெட்டி பின்னேரம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. மழை பெய்திருந்தது. யோகலிங்கம்தான் அதைத் தூக்கிக்கொண்டு அக்கா வீடுவரை வந்தான். அக்காவின் முன்னறையில் ஒரு பாய் கிடைத்தது.

"நான் ஒழுங்காய் எழுதியிருந்தால் உனக்கு இந்தக் கரைச்சல் இல்லை" என்றான்.

"நீ ஒழுங்காத்தான் எழுதுன" என்றேன்.

ஏப்ரல் ஒன்பதாம் திகதி, காலை வேலைக்குப் போகுமுன் வோட்டுப்போடும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அட்டை இல்லை. வாசலில் ஸ்ரீஸ்கந்தராஜா நிற்பார் என்று வழி முழுக்க நினைத்தேன். ஒருவரும் இல்லை. மேசையில் இருந்த பெண் விலாசத்தைக் கேட்டு, பட்டியலில் அடிமட்டக் கோலை வைத்து இறக்கிக்கொண்டே போனாள். அந்த வீட்டு இலக்கத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. நான் சொல்லுமுன் அவளே வாசித்தாள், அப்பாவின் பெயரை முன்னுக்கு வைத்து. ஓம் என்று தலையாட்டினேன். அவள் ஒரு கோடு போட்டுத் தாளைத் தந்தாள். யாருக்குப் போட்டேன் என்பது எனக்கிருக்கட்டும். பெட்டிக்குள் போட்டபிறகு யாராவது வெளியே போகச் சொல்லுவார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நானே வெளியே வந்தேன்.

தவணைக்கு இரண்டு நாள் முன்பு, நான் எழுதி அறிவித்திருந்த அக்கா வீட்டு விலாசத்துக்குக் கவுன்சில் கடிதம் வந்தது. அக்கா பிரிக்கப் போனார், நான் வாங்கி நானே வாசித்தேன். அன்புள்ள திரு. கருப்பையா அவர்களுக்கு, விசாரித்ததில் உங்கள்மேல் போட்ட வரி தவறு என்று கண்டோம், வழக்கை மீளப்பெறுகிறோம். நீங்கள் தரவேண்டிய தொகை: ஒன்றுமில்லை.