அறுக்கிற இடம் மட்டும்

ஸ்டானிஸ்லாஸ் டிரெசர் காற்று மருந்து கொடுத்தால், அறுக்க வேண்டிய இடம் மட்டும் மேசையில் இருக்கும். மீதி ஆள் சயாமில் இருப்பார். ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம், லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இதுதான் நடைமுறை. வெள்ளைக்கார டாக்டர் ஓடும்போது, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசரிடம் விட்டுப்போன வாயு உருளை அது. முகமூடியில் நாலு மூச்சு இழுத்தால் வலி போகும், பின்னாலேயே ஆளும் போவார். சயாமில் தண்டவாளம் போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோன புருஷன்மாரைப் பார்த்துவிட்டு, டிரெசர் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் பாதத்தில் சேறோடு பெண்கள் திரும்பிவிடுவார்கள். கட்டி இங்கே கிடக்கும்போது அதை விட்டுவிட்டு எங்கே தங்குவது? அந்த வருஷம் லயத்துப் பெண்களுக்குக் கட்டிகள் ஏராளமாக வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

அதிகம் வந்தவள், அப்படிப் பிடிபட்டுப் போன மைக்கலின் பெண்சாதி அந்தோணியம்மாள். கெண்டைக்காலில் ஆறாத கட்டி. டிரெசருக்கு வயது நாற்பது. பெண்டாட்டி கிடையாது, பிள்ளை கிடையாது, கடுதாசி போடக்கூட ஆள் கிடையாது. அவள் வரும் நாளில் மட்டும் சட்டைக்கு மரவள்ளிக் கஞ்சி போடுவார். ஊரே அதைக் குடித்து உயிர் வாழ்ந்தது. மனுஷன் சட்டைக்குக் கொடுத்தார். அவளுக்கு மட்டும் குழாயைச் சன்னமாகத் திருகினார். ஒருமுறை அவள் குளுவாங் வரைக்கும்தான் போனாள். அடுத்த முறை அதற்கும் இந்தப்பக்கம், பக்கத்து ஸ்டேஷன் ரெங்கம். தலையில் இஞ்சின் கரியோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன் டிரெசரய்யா, ரெங்கத்துக்கு நான் நடந்தே போவேனே. அதுக்கு நீங்க எதுக்கு?"

"காத்து தீர்ந்துக்கிட்டு வருதும்மா."

"காத்தா தீருது? நீங்கதான் குழாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க லா."

வெட்கப்பட்டு, அன்றைக்குக் கட்டியை வேரோடு அறுத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து அவள் வந்தபோது காலில் தழும்பு மட்டும் இருந்தது.

"இன்னிக்கு முழுசாத் திறந்து விடுங்க."

"அறுக்க ஒண்ணுமில்லையே. இங்க எதுவும் தங்காதும்மா. எப்படித் திரும்பி வருவ?"

"திரும்பி வர்றதுக்கு இங்க எனக்கு யாரு இருக்கா?"

அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. கஞ்சி போட்ட சட்டைக்குள்ளேயே இருந்தது. குழாயைக் கடைசிவரை திருகினார். மேசை காலியானது. துடைத்துவிட்டு, பதிவேட்டில் 'குணமாகிச் சென்றார்' என்று எழுதினார்.

மறுவாரம் அவருக்கே நகச்சுற்று. உருளையில் மிச்சமிருந்ததை இழுத்துப் பார்த்தார். வலி போனது. விரல் மேசையில் இருந்தது. பக்கத்திலேயே அவரும் இருந்தார். அந்தப் பக்கம் ஒருத்தர் காத்திருந்தால்தானே போக முடியும். தன் விரலைத் தானே கீறிக்கொண்டார்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து வந்த வேலு, மைக்கலும் பெண்சாதியும் அங்கேயே ஆற்றோரம் வாழை போட்டிருப்பதாகச் சொன்னான். அவள் எப்படிப் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. டிரெசர் மட்டும், அவள் காலில் மறுபடி கட்டி ஏதும் வந்ததா என்று கேட்டார்.

வரவில்லையாம்.