தெய்ஜி வீட்டுப் பனி

குரோசே ஊரில் கால்பந்து வீரர்களின் வீடுகள்மேல் ரசிகர்களின் பிரியத்தைப் பொறுத்துப் பனி விழுந்தது. பிரியம் கூடினால் பனி குறையும். கோல் அடிக்கும் அகிதோவின் கூரை ஜனவரியிலும் காய்ந்திருக்கும். தெருப் பூனைகள் அங்கேதான் தூங்கின. பின்களத்தில் ஆடிய தெய்ஜியின் கூரையில் முழங்கால் அளவு. அவரை யாரும் பெரிதாக விரும்பவில்லை, வெறுக்கவுமில்லை. மனைவி மிசாவோ அவ்வப்போது ஏறித் தள்ளிவிடுவாள்.

முதல் டிவிஷனுக்குப் போக வென்றாக வேண்டிய கடைசி ஆட்டத்தில் தெய்ஜி தன் வாழ்நாளின் முதல் கோலை அடித்தார். அரங்கமே அவர் பெயரைக் கத்தியது. வீட்டிலிருந்த மிசாவோவுக்குக் கூரைப் பனி மொத்தமும் சரிந்து விழும் சத்தம் கேட்டது. தெய்ஜி நடுவரிடம் போய், பந்து தன் கையில் பட்டதென்றார். கோல் ரத்தானது. குரோசே இரண்டாம் டிவிஷனிலேயே கிடந்தது. அவர் வீடு திரும்பியபோது பனி ஜன்னலை மறைத்திருந்தது.

ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வரிசையாக நின்று ரசிகர்களுக்குத் தலைவணங்குவது வழக்கம். தெய்ஜியும் அன்று வணங்கியிருந்தார். கோலைக் கெடுத்ததற்கு மன்னிப்பாகத் தனியாக இன்னொரு முறை வணங்கச் சொன்னார்கள் ரசிகர்கள். அவர் நிமிர்ந்தபடியே உள்ளே போனார்.

மற்ற கூரைகள் மார்ச்சில் காய்ந்தன. அவர் கூரையில் ஜூனிலும் பனி விழுந்தது. உத்தரம் விரிசல் விட்டது. ரசிகர் கூட்டத்தின் முரசுக்காரர் ஓனுமா வந்தார்.

“ஒரே ஒரு தடவ குனிடா தெய்ஜி. வீடு உக்காந்துடும் போலிருக்கு.”

“தோத்ததுக்கு அன்னிக்கே குனிஞ்சாச்சு, அண்ணே. உண்மையச் சொன்னதுக்கும் குனியணுமா?”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே,” என்றாள் கூரைமேலிருந்து மிசாவோ. ஓனுமா நகர்வதற்குள் பனி அவர் தலையில் விழுந்தது.

ஆகஸ்டில் துறைமுகத்து ஐஸ் இயந்திரம் நின்றுபோனது. கணவாய் மீன் பிடித்து வந்த படகுக்காரர்கள் தள்ளுவண்டிகளோடு தெய்ஜி வீட்டு வாசலில் தயங்கி நின்றார்கள்.

“வேணுங்கிறத அள்ளிக்கோங்க,” என்றாள் மிசாவோ. “மன்னிப்பு மட்டும் இங்க கெடைக்காது.”

கணவாய் கெடாமல் விற்றது. ஊருக்குத் தெய்ஜிமேல் கோபம் தணிந்தது. பனி மெலிந்தது. கூரையில் ஒரு பூனை வந்து படுத்தது.

அடுத்த ஆட்டம் சமநிலையில் முடியவிருந்தது. குரோசேவின் கோல் கம்பத்துக்கு வெளியே எல்லைக்கோட்டைத் தாண்டிப்போன பந்தைக் குரோசேவுக்கே கொடுத்தார் நடுவர். தெய்ஜி கையைத் தூக்கினார். “என் கால்ல பட்டுத்தாங்க போச்சு.” எதிரணிக்குக் கார்னர் உதை கிடைத்தது. அதிலேயே கோல்.

“இவனுக்கு வாய மூடவே தெரியாதாடா!” ஓனுமா முரசுக்குச்சியை வீசி எறிந்தார்.

தெய்ஜி வரிசையில் நின்று ஒருமுறை வணங்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார். பூனை போயிருந்தது. பனி அடர்ந்து விழுந்துகொண்டிருந்தது. ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்ட படகுக்காரர்கள் அவருக்கு முன்பே வந்து, அவரைத் திட்டிக்கொண்டே அள்ளினார்கள். உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒருவர் பழைய பாய்மரக் கம்பம் கொண்டுவந்திருந்தார். மிசாவோ ஏணியைச் சாத்தினாள்.