உள்ளே விட்ட துணி

எங்கள் தெருவில் ஊசி அத்தை ஊசி போடாத இடுப்பு கிடையாது. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊசி மருந்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் அவள் வாசலில்தான் நின்றார்கள். ஊருக்கே அத்தை என்றாலும் சொந்த அத்தை எனக்குத்தான், அப்பாவின் அக்கா. அன்று மாலை ஐந்து மணிக்கு அவளுடைய தொண்ணூறாவது பிறந்தநாள் விழா. மண்டபம் பிடித்து, மைக் செட் சொல்லி, தெருவே கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் போடவேண்டிய ஜாக்கெட் மட்டும் என் தையல் கடையில் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது.

பதினொரு மணிக்கு அத்தையின் போன் வந்தது.

"ஜாக்கெட் ரெடியாடி?"

"இஸ்திரி போட்டுட்டு இருக்கேன் அத்தை."

"உள்ள துணி விட்டிருக்கல்ல?"

இதைக் கேட்காமல் அவள் ஒரு ஜாக்கெட்டும் என்னிடம் வாங்கியதில்லை. பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை வெட்டாமல் விட்டுத் தைக்க வேண்டும். உடம்பு பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"உங்க அத்தான் நேத்து கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனான். கண்ணாடிய மட்டும் மாத்துங்க, ஃபிரேம் பழசே போதும்னுட்டான். புதுச் செருப்பு கேட்டா, வீட்டுக்குள்ள நடக்க எதுக்குங்கிறான். பெத்த பிள்ளைதான், பாசமாத்தான் இருக்கான். ஆனா எனக்கு இனிமே கொஞ்சமா வாங்கினாப் போதும்னு எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்கடி. நீ ஒருத்திதான் எனக்கு இன்னும் உள்ள துணி விடுற."

"விட்டிருக்கேன் அத்தை" என்றேன்.

பச்சைப் பொய். போன வாரம் அளவெடுத்தபோது மார்பளவு போன வருஷத்தைவிட இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. நம்ப முடியாமல் டேப்பை மறுபடி வைத்துப் பார்த்தேன். கடைக்கு வந்து, துணியை விரித்து, கோடு போட்டு, கோட்டை ஒட்டியே கத்தரியை ஓட்டிவிட்டேன். தொண்ணூறு வயதில் இனி எதைப் பிரித்துவிடப் போகிறாள் என்று என் புத்தி சொன்னது. யாரும் சொல்லித்தரவில்லை, நானாகவே நினைத்தேன். அத்தானாவது ஃபிரேமோடு நிறுத்தினார். நான் அவளையே அளந்து முடித்துவிட்டேன்.

அத்தை எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பித் தடவிப் பார்க்காமல் போடமாட்டாள். நரம்பு தேடிப் பழகிய விரல்கள். கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது.

வெட்டிய மிச்சத்தை எடுத்து ஒட்டுப் போட்டுவிடலாம் என்று மேஜைக்கு அடியில் குனிந்தேன். மூட்டையைக் காணோம். காலையிலேயே தலையணைக்காரர் வந்து தூக்கிப் போயிருந்தார். என் கடை வெட்டுத்துணியெல்லாம் வாராவாரம் அவருடைய தலையணைகளுக்குள்தான் போகும். கடையில் போய் வேறு துணி வாங்கலாமென்றால் இது புடவையோடு வந்த கத்தரிப்பூ நிறம். அச்சு அசலாக எங்கே கிடைக்கும்?

கடையைச் சாத்தவில்லை, விசிறியை நிறுத்தவில்லை, ஓடினேன். பாதி வழியில்தான் கவனித்தேன், காலில் ஒன்று என் செருப்பு, இன்னொன்று எவளோ விட்டுப்போனது. சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாமல் குறுக்கே போய் ஒரு பஸ் டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தலையணைக்காரர் கடையில் தரையே தெரியவில்லை. நாலைந்து தையல் கடைகளின் வெட்டுத்துணி இடுப்பளவு குவிந்து கிடந்தது.

"என்னம்மா, மோதிரம் ஏதும் விழுந்துடுச்சா?"

"கத்தரிப்பூ கலர் துணி. என் மூட்டைல இருந்தது."

"ஒரு துண்டுத் துணிக்கா இப்படி வேர்த்து விறுவிறுத்து வர்றீங்க?"

"ஊசி அத்தைக்கு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. குவியலுக்குள் இறங்கிவிட்டார். ஏழு வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி அத்தை கையால் வாங்கியவர் அவர்.

"ஊசி போடுறப்பல்லாம் ஒரு கதைய ஆரம்பிப்பாங்க" என்றார் துணிக்குள்ளிருந்து. "கதை பாதியில ஊசி முடிஞ்சிரும். பதினாலு கதை எனக்கு இன்னும் பாக்கி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊதா வந்தது, நாவற்பழ நிறம் வந்தது, கத்தரிப்பூ மாதிரியே ஒன்று வந்து வெளிச்சத்தில் காட்டினால் பழுப்பாக இளித்தது. எடுத்து எடுத்து எறிந்தேன். இரண்டு மணி வாக்கில் ஒரு சாண் நீளத்தில் ஒரே ஒரு துண்டு அகப்பட்டது. ஒரு பக்கத்துக்குத்தான் காணும். மற்றதெல்லாம் தலையணைக்குள் போய்விட்டது. காலையில் தைத்த தலையணைகள் சுவரோரம் முப்பதுக்குமேல் அடுக்கியிருந்தன.

"சொல்லுங்கம்மா, எல்லாத்தையும் கிழிச்சிடுறேன்" என்றார். மனிதர் கத்தரியையே எடுத்துவிட்டார்.

நேரம் இருந்தால் சரி என்றிருப்பேன். திரும்பி ஓடி, இடப்பக்கத் தையலைப் பிரித்து, துண்டை ஒட்டித் தைத்தேன். அவசரம் தெரிந்தால் மெஷினும் மக்கர் பண்ணும். இரண்டு தரம் நூல் அறுந்தது. வலப்பக்கத்தைக் கடவுள்மேல் பாரத்தைப் போட்டு அப்படியே விட்டேன்.

நாலு மணிக்கு அத்தை தலைவாரிப் பவுடர் பூசிக் கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"நேரமாச்சு அத்தை, கைய நீட்டுங்க."

நீட்டினாள், ஜாக்கெட்டை வாங்கிக்கொள்ள. உள்பக்கம் திருப்பினாள். இடப்பக்கம் ஓடிய விரல் ஒட்டுத் தையலில் கொஞ்சம் தயங்கித் தாண்டியது. வலப்பக்கம் போய் நின்றுவிட்டது.

"இந்தப் பக்கம் எங்கடி?"

"துணி பத்தல அத்தை."

"எனக்கு இருக்கிற உடம்புக்கு அதுல ரெண்டு ஜாக்கெட் தைக்கலாம்."

"வெட்டிட்டேன்."

"எப்ப?"

"அளவெடுத்த அன்னிக்கே."

அத்தை ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் அத்தான் கார் ஹாரனை அடித்தார். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். காலையில் போனில் கலகலவென்று பேசிய முகம் சின்னதாகிப்போனது. ஒரு ஊசியைக்கூட வலிக்கப் போடாதவளுக்கு நான் கொடுத்தது இது. தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்புத்தான் அத்தை" என்றேன்.

ஹாரன் மறுபடி அடித்தது.

"சரி, போட்டுவிடு" என்று கையை நீட்டினாள். "ஒரு பக்கமா குண்டாயிக்கிறேன்."

கொக்கிகளை மாட்டிவிட்டேன். அவள் குனிந்து பார்க்கவில்லை.

மண்டபத்தில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்தார்கள். அன்பாக இருந்தார்கள், சேவை செய்தார்கள், வாழ்ந்து காட்டினார்கள் என்று எல்லாம் நடந்து முடிந்த கணக்கிலேயே பேசினார்கள். தலையணைக்காரர் ஒருவர்தான், "பாக்கிக் கதையெல்லாம் எப்ப சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். அதற்கு மட்டும் அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு கேக். அத்தான் காகிதக் கனத்தில் ஒரு துண்டு வெட்டி அவளுக்கு வைத்தார். "சுகர் ஏறிடும்மா."

அத்தை அதைத் தின்று முடித்துத் தட்டை நீட்டினாள். இன்னொரு காகிதம் விழுந்தது. அதையும் முடித்தாள். மூன்றாவது தடவை தட்டை நீட்டியபடி கூட்டத்தில் என்னைத் தேடிப்பிடித்து, தன் இடப்பக்க விலாவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

நான் மேடையேறி, அத்தான் கையிலிருந்த கத்தியை வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி அவள் தட்டில் வைத்தேன்.