மூன்று சட்டி ரப்பர்

கிழக்கு வெளுக்கும் முன்பே நாங்கள் கலவை போட ஆரம்பித்துவிடுவோம். சிமெண்டு, ஜல்லி, மணலோடு பழைய டயரை அரைத்த ரப்பர்த் தூளும் சேர்த்து வாறுகாலுக்கு, அதாவது சாக்கடைக்கு, மூடிப் பலகை வார்க்கும் கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்றால், சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சியுடையது. சேரன்மகாதேவி ரோட்டில், வயலை ஒட்டிய தகரக் கொட்டகை. ஈர மணல் சட்டியைத் தலைக்கு ஏற்றினால் தண்ணீர் சும்மாட்டை நனைத்துக் கழுத்து வழியே முதுகில் இறங்கும். எட்டு வருஷமாக வேலை நேரத்தில் என் முதுகு காய்ந்ததில்லை.

டார்லின் முதுகு காய்ந்திருக்கும். அவளுக்குக் கொட்டகைக்குள் வேலை. ரப்பர்த் தூளை அளந்து மெஷினில் கொட்டி ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். நீல நாற்காலி, தலைக்கு மேலே காற்றாடி. உவரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. அவள் அதில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

போன மாதம் ஒருநாள் மணல் லாரி வரவில்லை. மிச்சமிருந்த மணலைச் சுமந்துகொண்டு நான் வாசலுக்கு வந்தபோது அண்ணாச்சி உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார்.

“மணலக் கொறச்சிட்டு ரப்பர் மூணு சட்டி போடு.”

“ஒரு சட்டிதானே அளவு, அண்ணாச்சி?” என்றாள் டார்லின்.

“நான் சொல்லுதேன்லா. போடு.”

போட்டாள். அச்சில் ஊற்றிய கலவை எள்ளுருண்டை மாதிரி கறுத்துக் கிடந்தது. இந்தப் பலகை தாங்காது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். மாட்டினால் அவள்தானே மாட்டுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை மாட்டியது எங்களோடு சுமை தூக்கும் அப்பாத்துரை. லாரியில் ஏற்றும்போது அந்தப் பலகை நடுவில் முறிந்து அவர் பாதத்தில் விழுந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால் அண்ணாச்சி நிற்கிறார்.

“அளவு பிசகுனது இந்தப் பிள்ளதான். டார்லின், நீ வீட்டுக்குப் போ. அப்பாத்துரை வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பில்ல.”

“நீங்கதானே மூணு சட்டி போடச் சொன்னிய?” என்றாள் டார்லின்.

“நான் சொன்னத யாரு கேட்டா?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “ஏளா உலகம்மா, இனி உள்ள நீ உக்காரு.”

உள்ளே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பொய் சொல்வானேன், என் மனசு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டது. ஆனால் கீழே மண்ணில் அப்பாத்துரையின் ஒற்றைச் செருப்பு ரத்தத்தோடு கிடந்தது.

“நான் கேட்டேன், அண்ணாச்சி. தலச்சுமையோட வாசல்ல நின்னு கேட்டேன்.”

“உனக்கு எதுக்கு இந்த வம்பு? அவளக் கண்டா உனக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?”

“ஆகாதுதான். பொறாமதான். அதுக்காவ பொய்க்குத் துணை நிக்க முடியுமா?” மற்றவர்களைப் பார்த்துச் சொன்னேன். “கலவை கறுத்திருந்தத அன்னைக்கே பாத்தேன். சொல்லாம இருந்துட்டேன். அப்பாத்துரை கால்ல எனக்கும் பங்கு இருக்கு.”

மேலப்பாளையத்திலிருந்து வரும் ஜுபைதா பீவிதான் முதலில் சட்டியைக் கீழே வைத்தாள்.

“அப்பாத்துரைக்கு வைத்தியம் நீங்க பாக்கணும். இந்தப் பிள்ள இங்கனயே இருக்கணும். அதுவரைக்கும் நாங்க யாரும் சட்டியத் தொட மாட்டோம்” என்றாள்.

“நாளைக்கே வேற ஆளக் கொண்டு வாரேன்.”

“கொண்டு வாங்க. அவங்ககிட்டயும் இதச் சொல்லுதோம்.”

மம்பட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. விடியலில் போட்ட கலவை களத்தின் நடுவே குவிந்து கிடந்தது. அரை மணி நேரத்தில் அள்ளாவிட்டால் இறுகிவிடும். அண்ணாச்சி அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை.

அப்பாத்துரையின் மனைவி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். நான் கொட்டகைக்குள் போய் அந்த நீல நாற்காலியைத் தூக்கி வந்து அவளுக்குப் போட்டேன். நாங்கள் சுற்றி மண்ணில் உட்கார்ந்தோம். டார்லின் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். அழுது வீங்கியும் அவள் முகம் அழகாகத்தான் இருந்தது. அதற்கும் கொஞ்சம் எரிந்தது எனக்கு. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெயில் ஏறியது. கலவை இறுகிக்கொண்டிருந்தது.