பார்த்தேன் என்று சொன்னேன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று சிரிக்காதீர்கள். நான் சொல்வது கதைக்கு முன்னால் நடந்த பொய். போன சனிக்கிழமை பிற்பகல், அடிலெய்டின் வடக்குப் புறநகர் மைதானம் ஒன்றில், ஒருவர் என்னிடம் "பாத்தியா?" என்று கேட்டார். "பார்த்தேன்" என்றேன். பார்க்கவில்லை.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த ஒரு சொல்லைத் துடைக்க நான் படுகிற பாடு. வெள்ளிக்கிழமை மாலை கிளப்பின் ஆட்டக்காரர் பட்டியல் மூடப்படுகிறது. அதற்குள் இதை எழுதி முடித்தே தீருவேன்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

"மானாசே தௌஃபா ஒரு சிங்கம். சிட்னி மேற்கின் தெருக்களில் அவன் பெயரைச் சொன்னால் —"

(சிங்கமாம். நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தில் வேலையா கேட்கிறேன்? அடித்துவிட்டேன். ஆனால் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம்:

"ரக்பி லீக் நட்சத்திரம் ஒருவனால் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக்கு மாற முடியுமா? சிட்னிக்காரன் முடியும் என்பான். அடிலெய்டுக்காரன் முடியவே முடியாது என்பான். இருவருமே தங்கள் ஆட்டத்தைத்தான் ஃபுட்டி என்பார்கள்."

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

பந்து இரண்டிலும் நீள்வட்டம். ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி. லீக்கில் உன்னைப் பிடித்து வீழ்த்தினால், பந்தை உயிரே போனாலும் விடக்கூடாது. இங்கே பிடித்த உடனே விட்டாக வேண்டும். விடாவிட்டால் மைதானமே "பாஆஆல்!" என்று கத்தும், பந்து எதிரணிக்குப் போய்விடும். அங்கே எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து பந்தைத் தரையில் வைத்தால் நாலு புள்ளி, ஊரே ஆடும். இங்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவே காலால் அடித்தால் ஆறு. கையோடு கொண்டுபோனால் ஒன்று, அதுவும் பாவம் பார்த்துக் கொடுப்பது.

ஆக, கேள்வி உடம்பு தாங்குமா என்பதல்ல. பதினைந்து வருடமாக உடம்பு மனப்பாடம் செய்ததை மறக்க முடியுமா என்பதுதான்.

3

மானாசேயை நான் முழுதாக நம்பவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். இருபத்தேழு வயது, டோங்கா வம்சம், லீக்கில் நூற்றுப் பதினொரு முறை பந்தைத் தரையில் வைத்தவன். சிட்னியில் ஊரே அவனைத் தோளில் தூக்கிவைத்திருந்த நேரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டான். காரணம், ஒன்பது வயது மகள். பிரிந்துபோன அவள் அம்மாவுக்கு இங்கே மருத்துவமனையில் வேலை. அவனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. மகள் இருக்கும் ஊரில் அந்தத் தொழிலுக்குப் பெரிய கிளப் கிடையாது. அதனால் தொழிலை மாற்றிக்கொள்ள வந்தான். பட்டியலில் பெயர் ஏறினால் இங்கேயே இருக்கலாம். ஏறாவிட்டால் சிட்னி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விமானம்.

இவ்வளவு நல்ல காரணம் உள்ள ஆளை வாசகர் நம்புவாரா? டோரீன் நம்பவில்லை. எங்கள் நடுவர் சங்கத்தில் முப்பது வருடமாகப் புள்ளி எழுதுகிறவள்.

"பொண்ணுக்காகவாம்! அட போ கண்ணு. முட்டி போயிருக்கும், இங்க வந்து கத விடுறான்."

"முட்டி நல்லாத்தான் இருக்கு டோரீன். அவன் ஓடறத நீ பாக்கலயா?"

"ஓடறதயும் பாத்தேன், ஒதைக்கறதயும் பாத்தேன். என் ரெண்டாவது புருஷன் கதவ இதவிட நேரா ஒதைப்பான்."

ஜனவரியில் கிளப்புக்குள்ளேயே நடந்த பயிற்சி ஆட்டத்தில் அவன் செய்த காரியம் அப்படி. பக்கத்தில் ஒருவன்கூட இல்லை, கோல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, குழந்தைகூட அடிக்கும். இவன் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து, பந்தைப் புல்லில் அழுத்தி வைத்து, எழுந்து இரண்டு கையையும் விரித்தான். ஒரு புள்ளி. அந்தக் காணொளியைப் பார்க்காத ஆள் இந்த ஊரில் இல்லை. கடைக்குப் போனாலும் பெட்ரோல் போடப் போனாலும் "கீழ வை! கீழ வை!" என்று கத்தினார்கள்.

பயிற்சியாளர் டன்கன் மைதானத்தின் நடுவில் நின்று, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "இன்னொரு தடவ கையோட கோட்ட தாண்டுன, சிட்னிக்கு டிக்கெட் நானே எடுத்துத் தர்றேன். கடைசிப் பயிற்சி ஆட்டத்துல ஒரே ஒரு கோல் அடி. கால்ல. அப்புறம் பேசலாம்."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பள்ளிக்குப் பின்னால்தான் அந்தப் பயிற்சித் திடல். ஆறு வாரம், தினமும் காலையில் முந்நூறு உதை. எண்ணியிருக்கிறேன். ஒருநாள் இருநூற்று எண்பதில் கால் நகம் பெயர்ந்து காலுறை சிவந்துவிட்டது. உட்கார்ந்தான், நாடா சுற்றினான், எழுந்து மீதி இருபதையும் உதைத்தான். அன்றைக்கு அவனை நம்பினேன். டோரீன் என்ன சொன்னாலும் சரி.

4

நான் யார் என்று சொல்லவில்லையே. பெயர் வேலாயுதம். இருபத்திரண்டு வருடமாக இங்கே எல்லோருக்கும் வேல். சனிக்கிழமைகளில் கோல் நடுவர். கம்பங்களுக்கு நடுவே, கோட்டின் மேல் நிற்கிறவன். கோல் என்றால் இரண்டு கொடி ஆட்ட வேண்டும், ஒரு புள்ளி என்றால் ஒரு கொடி. இந்த வேலைக்குக் கால் வேண்டாம், கண் மட்டும் போதும்.*

* அந்தக் கண்ணைத்தான் கோட்டை விட்டேன்.

5

சனிக்கிழமை. கடைசிப் பயிற்சி ஆட்டம், கடைசிக் கால்பகுதி, நாலு நிமிடம் மீதி. மானாசே அதுவரை கோல் அடிக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, மூக்கின்மேல் ஈ. முப்பது மீட்டரில் பந்து அவன் கைக்கு வந்தது. ஓடினான். பின்னாலிருந்து ஒருவன் இடுப்பைப் பிடித்துவிட்டான். கோட்டுக்கு இரண்டு எட்டு. விழுந்துகொண்டே பந்தைக் கையிலிருந்து காலுக்கு விட்டான், அது —

(மூன்று நாளாக இந்த இடத்தில் நிற்கிறேன். "அது பூட்ஸில் பட்டு" என்று எழுதினேன், அடித்தேன். "விடுவதற்குள் கையோடு" என்று எழுதினேன், அதையும் அடித்தேன்.)

5, மறுபடியும், இந்த முறை ஒழுங்காக

விழும்போது அவன் ஒரு சொல் கத்தினான்.

"மேலே!"

சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல தமிழில் கேட்டது. என் அப்பா கொத்தனார். கட்டுகிற வீட்டுச் சாரத்துக்கு அடியில் விளையாடி வளர்ந்தவன் நான். "மேலே!" என்று யாராவது கத்தினால் செங்கல் வருகிறது என்று அர்த்தம். தலை தானாக நிமிரும். நிமிர்ந்தது. மேலே ஒரு மேகம்கூட இல்லை. ஒரு கடற்பறவை போய்க்கொண்டிருந்தது.

குனிந்தபோது அவன் கோட்டின் குறுக்கே கிடந்தான். பந்து எனக்குப் பின்னால் உருண்டுகொண்டிருந்தது.

கள நடுவர் பிரெட் மூச்சிரைக்க ஓடி வந்தான். "எனக்கு ஆள் மறைச்சிருச்சு. கால்ல பட்டுச்சா, கையோட போச்சா? பாத்தியா?"

"பார்த்தேன்."

சந்தேகம் என்றால் குறைந்த புள்ளி கொடு என்பது விதி. ஆனால் சந்தேகம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் எல்லை நடுவரைக் கேட்பார்கள், நாலு பேர் கூடிப் பேசுவார்கள். நானோ இருபத்திரண்டு வருடமாக ஒருமுறைகூட "பார்க்கவில்லை" என்று சொல்லாதவன். அந்த வீம்பு. ஒரு விரல் காட்டினேன். ஒரு கொடி ஆட்டினேன்.*

* பயிற்சி ஆட்டம் என்பதால் கேமரா இல்லை. வேலிக்கு வெளியே ஒருவர் கைபேசியில் எடுத்திருக்கிறார். அதில் என் முதுகு மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. வேறெதுவும் தெரியவில்லை.

6

கூட்டம் "கீழ வை! கீழ வை!" என்று கும்மாளம் போட்டது. பயிற்சியாளரின் செய்தியோடு தூதுக்காரன் உள்ளே ஓடி வந்தான்.

"மானாசே, டன்கன் ஒன்ன வெளிய வரச் சொல்றாரு."

"நாலு நிமிஷம் இருக்குன்னு சொல்லு."

"டேய், வரச் சொல்றார்டா!"

"காது கேக்கல. மண்டைல அடிபட்டிருக்குன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா டாக்டர் வருவார்டா மடையா!"

"சரி, பிடிவாதக்காரன்னு சொல்லு."

போகவில்லை. கடைசி நிமிடத்தில் மூன்று பேர் தோளுக்கு மேல் எழும்பிப் பந்தைப் பிடித்தான், நாற்பது மீட்டரிலிருந்து அடித்தான். இந்த முறை நான் இமைக்கவே இல்லை. பந்து கம்பத்தில் டங்கென்று பட்டது. கம்பத்தில் பட்டாலும் ஒரு புள்ளிதான். ஒரு கொடி.

ஆட்டம் முடிந்து கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வேலிப் பக்கம் ஒரு பெண் குரல்: "மேலே, பைய எடுத்துக்கோ. போலாம்."

திரும்பினேன். இரண்டு சடையோடு, மானாசேயின் அதே சாயலில், ஒரு சிறுமி பையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். டோங்காவில் அது பெண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயராம். அவன் கத்தியது மகள் பெயர்.

எனக்கு அழுகை வந்தது. வாத்தியார், ஐம்பத்தொரு வயது, வெள்ளைத் தொப்பி. வந்தது.

7

முடிவு அ: பந்து காலில் பட்டது. நான் ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கெடுத்தேன்.

முடிவு ஆ: கையோடு போனது. நான் கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினேன். ஆ-வில் எனக்கு நல்ல தூக்கம் வருகிறது, அதனாலேயே அதை நம்பவில்லை. அ-வில் நான் கதாநாயகன்போல் வருந்துகிறேன், அது அதைவிடக் கேவலம். இரண்டையும் கிழித்தேன்.

8

புதன் காலை திடலுக்குப் போனேன். உதைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அங்கிள், இன்னிக்கு கொடி கொண்டாரலயா?"

"மானாசே, ஒண்ணு சொல்லணும். சனிக்கிழம நான் பாக்கல."

கையிலிருந்த பந்தை உதைத்தான். நடுவில் போனது. "தெரியும்" என்றான்.

"என்னது?"

"விழும்போது உங்க மூஞ்சியத்தான் பாத்தேன். எல்லாரும் கோட்ட பாக்கறாங்க, நீங்க வானத்த பாக்கறீங்க. சாமி கும்பிடறீங்களோன்னு நெனச்சேன்."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொன்னா? ஒத்தக் கொடி வாங்கினவன் அழுவுறான்னு சொல்லுவாங்க."

அவன் மகள் பெயருக்கு என் மொழியில் என்ன அர்த்தம் என்று சொன்னேன். அப்புறம் புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மொத கோல் அடிச்சா ஒம் பேரக் கத்தறேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன் அங்கிள்! இந்த ஊர்ல அத்தன பேர் இருக்கப்ப, கோட்டு மேல ஒரு தமிழ் ஆளா நிக்கணும்?"

"அப்ப கால்ல பட்டுச்சா?"

சிரிப்பு நின்றது.

"கேக்காதீங்க. நான் பட்டுச்சுன்னு சொன்னா அது எனக்கு வேணுங்கறது. நீங்க பட்டுச்சுன்னு போய்ச் சொன்னா அது ரெண்டாவது பொய். பாக்கலன்னு சொல்லுங்க. ஒங்ககிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

எழுந்து பந்தை எடுத்துக்கொண்டான். "நூத்தி நாப்பத்தாறு" என்று எண்ணினான்.

9

இன்று வியாழன். காலை ஒன்பதுக்கு டன்கனின் அறைக் கதவைத் தட்டினேன். அவருக்குப் பின்னால் சுவரில் வெள்ளைப் பலகை, அதில் பெயர்கள், மானாசே பெயர் உட்படச் சிலவற்றின் பக்கத்தில் சந்தேகத்துக்கான சிவப்புக் குறி.

"சனிக்கிழம அந்த ஒத்தக் கொடி. நான் பாக்கல."

"அப்ப கோலா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லவா இவ்வளவு தூரம் வந்த?"

"ஆமா."

"ஒங்க சங்கத்துக்கு நான் எழுதினா கொடியப் புடுங்கிருவாங்க, தெரியும்ல?"

"நானே எழுதிட்டேன்."

டன்கன் திரும்பி, பலகை அழிப்பானை எடுத்து எதையோ அழித்தார். பெயரையா, பெயருக்குப் பக்கத்திலிருந்த குறியையா? அவர் முதுகு மறைத்தது. எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை.

"போய்ட்டு வா" என்றார்.

10

இங்கே ஒரு முடிவு வர வேண்டும். எழுதத் தெரியாமல் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை, அவன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவள் ஓடி —

இல்லை. நான் வெள்ளிக்கிழமையை இன்னும் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒருமுறை சொன்னது போதும்.

கொடிகள் இரண்டும் இந்த மேசைமேல் இருக்கின்றன. திங்கட்கிழமை சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை உங்களிடம் இருக்கட்டும். ஒன்றை ஆட்டுவீர்களோ இரண்டை ஆட்டுவீர்களோ, அது உங்கள் பாடு. ஆனால் யாராவது வந்து "பாத்தியா?" என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.