ஜனவரி வெயிலில் பதினேழு கம்பளி

மாநேயோ என்றால் நேயோவின் தாய். கல்யாணத்தன்றே மாமியார் வீட்டில் சூட்டுகிற பெயர் அது. பிள்ளை பிறகுதான் வரவேண்டும். அவளுக்கு ஏழு வருஷமாக வரவில்லை. வந்த இரண்டும் வயிற்றிலிருந்து நேராக மண்ணுக்குப் போயின. மூன்றாவது, ஒன்பதாம் மாதத்தில் குறுக்கே கிடந்தது. எங்கள் லெசோத்தோ கரை மருந்தகத்தில் ஆபரேஷன் செய்ய டாக்டர் இல்லை. ஆற்றுக்கு அக்கரை வேறு நாடு; அங்கே ஆஸ்பத்திரியில் உண்டு. ஆனால் பாலத்துக் காவலர்கள் வயிற்றைக் கண்டால் திருப்பிவிடுவார்கள். முந்தின நாள் அவளையும் திருப்பிவிட்டிருந்தார்கள்.

அந்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ந்தாபெலெங் வந்திருந்தாள். எல்லைகள் பெண்களின் உடம்பை என்ன பாடுபடுத்துகின்றன என்று ஆராய்கிறவள். தேவாலயத் தரையில் பெரிய தாளை விரித்து ஆற்றையும் பாலத்தையும் வரைந்தாள். பிரசவத்துக்குப் பாலம் வரை போனவள் ஒவ்வொருத்தியும் ஒரு நூல் வைக்கவேண்டும். போய்ச் சேர்ந்தவளுக்குப் பச்சை, திரும்பியவளுக்குக் கறுப்பு. பக்கத்தில் எந்த மாதம், என்ன உடுத்தியிருந்தாள் என்று அவள் எழுதிக்கொள்வாள்.

"உடுத்தினது எதுக்கும்மா? அழகிப் போட்டியா?" என்றாள் எழுபது வயது மாமோசா.

"சொல்லுங்கத்தை. எதுல என்ன இருக்கும்னு எனக்கே தெரியாது."

மாநேயோவால் மண்டியிட முடியவில்லை, நின்றபடியே பார்த்தாள்.

"கறுப்பெல்லாம் கோடையில விழுந்திருக்கு," என்றாள். "குளிர்ல போனவங்க பச்சை."

ந்தாபெலெங் எழுதியதைத் திரும்ப வாசித்தாள். கம்பளி. கம்பளி. கம்பளி.

கர்ப்பிணி வயிற்றைப் போர்த்தித்தான் வெளியே நடப்பாள். எங்கள் வழக்கம் அது. குளிரில் ஊரே போர்த்தியிருக்கும். எங்கள் பக்கம் ஜனவரிதான் கோடை; அந்த உச்சிவெயிலில் கம்பளியோடு வருகிறவள் யாரென்று எந்தக் காவலனுக்குத் தெரியாது? மறைப்பதாக நினைத்து நாங்களே காட்டிக்கொடுத்திருக்கிறோம்.

"அப்ப நாளைக்குக் கழட்டிட்டுப் போறேன்," என்றாள் மாநேயோ.

"வயித்தை எங்கடி கழட்டி வைப்பே?" என்றாள் மாமோசா. பிறகு அவளே சொன்னாள்: "எல்லாருமே போர்த்திக்குவோம்."

மறுநாள் மதியம் பதினேழு பேர் கம்பளி போர்த்திப் பாலத்துக்குப் போனோம். ந்தாபெலெங்கும் ஒன்று இரவல் வாங்கியிருந்தாள். நடுவில் மாநேயோ. வியர்வை கண்ணில் வழிந்தும் அவள் துடைக்கவில்லை.

"உங்கள்ல யாரு மாசமா இருக்கிறது?" என்று கேட்டான் காவலன்.

"நான்தான்யா," என்றாள் மாமோசா. "இதோட அப்பா செத்துப் பதினோரு வருஷமாச்சு. புள்ளை கொஞ்சம் தாமதமா வருது."

பின்னால் வரிசையே சிரித்தது. லாரிகள் ஹாரன் அடித்தன. அத்தனை பேர் பார்க்க ஒரு பெண்ணின் கம்பளி ஊக்கைக் கழற்றச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பதினேழு முத்திரை குத்தினான்.

ந்தாபெலெங் ஆஸ்பத்திரியில் மாநேயோவோடு தங்கினாள். "உடுத்தினதைப் பத்தி எழுதினது என் புத்தகத்துல வராது அத்தை. பாலத்துக்காரங்களும் படிப்பாங்க," என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினாள்.

மறுநாள் காலை போன் வந்தது. மாநேயோவின் புருஷன் லெஃபா மாட்டுத் தொழுவத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தான். பெண் பிறந்தால் தகப்பன் தலையில் தண்ணீர் ஊற்றுவோம்; ஆண் என்றால் தடியால் இரண்டு போடுவோம். முன்பு இரண்டு முறையும் அவனிடம் வெறுங்கையோடு போயிருந்தோம்.

அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தான். மாமோசாவின் கையில் வாளி இருந்தது. தொப்பியைக் கழற்றிச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.